ராத்திரிப் பல் தேய்ப்பதும் ஒரு சேமிப்புதான்

(ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில், காலை உணவுத் திட்டத்தில் சமையல் செய்யும் குழு உறுப்பினர் ஒருவர் 'குழந்தைகள் நலம்' என்ற தலைப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு குழந்தைகள் நலம். அது பெரிய தலைப்பு. தடுப்பூசியில் ஆரம்பித்துப் படிப்பு வரைக்கும் பேசலாம். கொடுத்த நேரமோ கொஞ்சம்தான். அதனால் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைத் தினமும் ஒழுங்காகப் பல் தேய்க்கப் பழக்குவது எப்படி என்பதுதான் அது.

"இதுக்கெல்லாம் ஒரு கூட்டமா?" என்று பின்னால் ஒரு அக்கா சிரிக்கிறது தெரியுது. சிரிங்க அக்கா, தப்பில்லை. ஆனா போன வருஷம் எங்கள் குழுவின் தீர்மானப் புத்தகத்தில் ஒரு உள்கடன் எழுதினோம். தொகை 7,000 ரூபாய். காரணம் என்ற இடத்தில் 'மகனின் பல் வைத்தியம்' என்று எழுதியிருக்கிறது. பையன் ஐந்தாம் வகுப்பு. கீழ்வரிசைக் கடைவாய்ப் பல்லில் வேர் சிகிச்சை செய்து, மேலே கேப் போட்டார்கள். அந்தத் தங்கச்சி பத்து மாதம் தவணை கட்டினாள். பல் வைத்தியத்துக்குக் கடன் வாங்குகிற அளவுக்கு வந்த பிறகும் இது சின்ன விஷயமா என்று நீங்களே சொல்லுங்க.

இன்னொரு காரணமும் இருக்கு. 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. 2023 ஆகஸ்டு 25-இல் மாநிலத்தில் உள்ள எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. சமைக்கிற பொறுப்பு நம்மைப் போன்ற குழுப் பெண்களிடம் வந்தது. அதிலிருந்து தினமும் காலையில் பிள்ளைகள் சாப்பிடுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கிறவள் நான். ஒரு பிள்ளை எப்படிச் சாப்பிடுது என்று பார்த்தாலே அதன் வாய் எப்படி இருக்கு என்று தெரிந்துவிடும். சூடான சாம்பார் பட்டதும் கன்னத்தைப் பிடித்துக்கொள்கிற பிள்ளை இருக்கு. ஒரே பக்கமாக மென்று, மற்றப் பிள்ளைகள் எழுந்து போன பிறகும் தட்டோடு உட்கார்ந்திருக்கிற பிள்ளை இருக்கு. "போதும் பெரியம்மா" என்று பாதியில் எழுந்திருக்கிற பிள்ளைக்குப் பசி இல்லை என்று நினைப்போம். மெல்ல முடியவில்லை என்பதுதான் பல நேரம் உண்மை. இருட்டோடு எழுந்து வந்து ஆக்கிப் போடுகிறோம். வலியால் அது வயிற்றுக்குள் போகவில்லை என்றால் நாம் பட்ட பாட்டுக்கு என்ன பலன்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. பால் பல் மொத்தம் 20. நிலைப் பல் 32. பிள்ளைக்குப் பல் சொத்தை என்றால் நாம் எல்லாரும் சொல்கிற ஒரு வார்த்தை உண்டு: "விழுந்து முளைக்கிற பல்லுதானே." இந்த ஒரு வார்த்தையால்தான் நிறையப் பல் போகிறது.

பிள்ளைக்கு ஆறு வயசு வாக்கில், பால் பற்களுக்குப் பின்னால், கடைவாயில் ஒரு பெரிய பல் முளைக்கும். அதற்காக எந்தப் பால் பல்லும் விழாது. சத்தம் இல்லாமல் பின்னால் வந்து நிற்கும். முன்பல் விழுந்தால் கூரை மேல் எறிந்து கொண்டாடுகிறோம். இந்தப் பல் வருவது வீட்டில் யாருக்கும் தெரியாது. அது நிலைப் பல். விழுந்து முளைக்காது. வாழ்நாள் முழுக்க அதே பல்தான். அது சொத்தையாகும்போதும் பால் பல் என்றே நினைத்து விட்டுவிடுகிறோம். எங்கள் தங்கச்சி மகனுக்குப் போனது இந்தப் பல்தான்.

எப்படிக் கண்டுபிடிப்பது? ரொம்பச் சுலபம். இன்றைக்கு ராத்திரி பிள்ளையை வாயைத் திறக்கச் சொல்லுங்க. முன்பல்லின் நடுவில் இருந்து ஒரு பக்கமாக எண்ணிக்கொண்டே போங்க. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. அதற்குப் பின்னால் ஆறாவதாக ஒரு பல் இருந்தால் அதுதான் அது. மேலே இரண்டு, கீழே இரண்டு, மொத்தம் நாலு. முன்பல் விழுந்து இடைவெளியாக இருந்தால் அந்த இடத்தையும் ஒன்றாகச் சேர்த்து எண்ணணும். ஆறு வயசு, ஆறாவது பல். இதை மட்டும் மனசில் வைத்துக்கொண்டால் போதும்.

அந்தப் பல் புதுசாகக் கொத்தின அம்மி மாதிரி மேலெல்லாம் பள்ளமும் கோடுமாக இருக்கும். சாப்பிட்டது அதில் போய் ஒட்டிக்கொள்ளும். முழுசாக வளர்ந்து மேலே வர மாதக்கணக்கில் ஆகும். அதுவரைக்கும் பக்கத்துப் பல்லை விடப் பள்ளத்தில் இருக்கும். பிள்ளை தானாகத் தேய்க்கும்போது பிரஷ் பக்கத்துப் பல்லின் மேலேயே ஓடிவிடும், இதைத் தொடவே தொடாது. ஆக, ரொம்பக் கவனிக்க வேண்டிய பல்லுக்குத்தான் பிரஷ் எட்டுவதே இல்லை.

பால் பல்லையும் விட்டுவிடச் சொல்லவில்லை. பின்னால் இருக்கிற பால் பற்கள் பத்து, பன்னிரண்டு வயசு வரைக்கும் இருக்க வேண்டியவை. பிள்ளை மெல்லுவது அதில்தான். பின்னால் வருகிற பல்லுக்கு இடம் பிடித்து வைப்பதும் அதுதான். முன்கூட்டியே போனால் பக்கத்துப் பல் சாய்ந்து, வருகிற பல் கோணலாக வரும்.

சொத்தை எப்படி வருகிறது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பூச்சி வந்து பல்லைத் தின்கிறது என்று அப்பத்தா சொல்லும். அப்படிப் பூச்சி எதுவும் கிடையாது. பல்லில் வழவழவென்று ஒரு படலம் படியும். அதில் கண்ணுக்குத் தெரியாத கிருமி இருக்கும். நாம் சாப்பிடுகிற இனிப்பையும் மாவுப் பண்டத்தையும் அது தின்று புளிப்பாக மாற்றும். அந்தப் புளிப்பு பல்லின் மேல்பூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். பகலில் எச்சில் ஊறி ஊறி அந்தப் புளிப்பைக் கழுவிக்கொண்டே இருக்கும். ராத்திரி தூங்கும்போது எச்சில் சுரப்பது ரொம்பக் குறைந்துவிடும். குழாயில் தண்ணீர் வராத நேரத்தில் பாத்திரம் காய்ந்து கிடக்கிற மாதிரிதான். ராத்திரி பிஸ்கட் தின்றுவிட்டு, பாலில் சர்க்கரை போட்டுக் குடித்துவிட்டு அப்படியே படுக்கிற பிள்ளையின் வாயில் விடிய விடிய அந்த வேலை நடக்கும்.

அதனால் நான் இன்றைக்குச் சொல்ல வந்த முக்கியமான பேச்சு ராத்திரியைப் பற்றியது. காலையில் பல் தேய்க்காமல் டீ குடிக்க நம் ஊரில் யாரும் விட மாட்டார்கள். அந்தப் பழக்கம் நமக்கு இருக்கு. இல்லாதது ராத்திரிப் பழக்கம். காலையும் தேய்க்கணும், ராத்திரியும் தேய்க்கணும், அதுதான் முறை. ஆனா புதுசாகப் பழக்க வேண்டியது ராத்திரியைத்தான். கீரமங்கலம் பக்கம் பூப்பறிக்கப் போகிற அக்காமார் விடியுமுன்னே கொல்லைக்குப் போய்விடுகிறீர்கள். பிள்ளை எழுந்திருக்கும்போது நீங்கள் வீட்டில் இல்லை. காலையில் பக்கத்தில் நின்று பார்க்க ஆளில்லை. ராத்திரி எல்லாரும் வீட்டில்தான் இருக்கிறோம்.

இப்போ எப்படிப் பழக்குவது?

"நானும் தினம் கத்துறேன், கேட்க மாட்டேங்குது" என்று எல்லாரும் சொல்கிறோம். இதில் பிள்ளையின் மேல் குற்றம் இல்லை. பழக்கம் என்பது பிள்ளையின் மண்டைக்குள் இருக்கிற பொருள் இல்லை. அதை வீடுதான் அமைத்துக் கொடுக்கணும். நம் சேமிப்பையே எடுத்துக்கொள்ளுங்க. குழுவில் சேருவதற்கு முன்னாலும் சேமிக்கணும் என்று நமக்குத் தெரியும். தெரிந்தும் கையில் நின்றதா? குழுவில் சேர்ந்த பிறகு எப்படி நின்றது? குறிப்பிட்ட நாள், குறிப்பிட்ட இடம், சின்னத் தொகை, கூட நாலு பேர், எழுதி வைக்க ஒரு புத்தகம். இந்த ஐந்தும் சேர்ந்துதான் நம்மைச் சேமிக்க வைத்தது. பிள்ளைக்கும் இதே ஐந்தைச் செய்து கொடுத்தால் போதும்.

ஒன்று, நேரம். கடிகார நேரம் வேண்டாம். "எட்டரைக்குப் பல் தேய்க்கணும்" என்றால் ஒருநாள் கரண்டு இருக்காது, ஒருநாள் விருந்தாளி வந்துவிடுவார். ஏற்கெனவே தினமும் நடக்கிற ஒரு வேலையோடு முடிந்துவிடுங்க. ராத்திரிச் சாப்பாடு முடிந்து தட்டைக் கழுவப் போடுகிறோமா, அடுத்து பல். அதற்குப் பிறகுதான் பாய் விரிப்பது. தட்டு, பல், பாய். இந்த வரிசை ஒருநாளும் மாறக் கூடாது. பல் தேய்த்த பிறகு தண்ணீர் தவிர வேறு எதுவும் வாயில் போகக் கூடாது. பால் குடிக்கிற பிள்ளை என்றால் பாலைச் சாப்பாட்டோடு கொடுத்துவிடுங்க.

இரண்டு, இடம். நம் வீடுகளில் நிறையப் பேருக்குத் தண்ணீர்த் தொட்டி கொல்லைப்புறம்தான். ராத்திரி இருட்டில், பூச்சி பொட்டுக்குப் பயந்து பிள்ளை போகாது. போகவும் வேண்டாம். ஒரு சொம்புத் தண்ணீர், துப்புவதற்கு ஒரு பழைய கிண்ணம் எடுத்து வைத்துத் திண்ணையிலேயே உட்கார வைத்துத் தேய்க்கலாம். பிரஷ்ஷை எரவாணத்தில் செருகி வைக்கிற வழக்கத்தை விட்டுவிடணும். அங்கே ஒட்டடை, தூசி, பல்லி எல்லாம் இருக்கு. ஒரு டம்ளரில் தலை மேலே இருக்கிற மாதிரி, பிள்ளைக்குக் கை எட்டுகிற உயரத்தில் வையுங்க. ஆளுக்கு ஒரு பிரஷ். அண்ணன் தம்பி என்றாலும் தனித்தனிதான்.

மூன்று, அளவு. விளம்பரத்தில் காட்டுகிற மாதிரி பிரஷ் முழுக்கப் பேஸ்ட் வேண்டாம். சின்னப் பிள்ளைக்கு ஒரு பட்டாணி அளவு போதும். அது கால் கிராம்தான் இருக்கும். ஒருநாளைக்கு இரண்டு வேளை என்றால் அரை கிராம். மாதத்துக்கு 15 கிராம். வருஷத்துக்கு 180 கிராம். பிரஷ் மூன்று மாதத்துக்கு ஒன்று, வருஷத்துக்கு நாலு. சாதாரண பிரஷ் 20 ரூபாய் என்று வைத்தால் 80 ரூபாய். பேஸ்ட்டும் சேர்த்து ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்கு 200 ரூபாய் பக்கம்தான் வரும். நாங்கள் கொடுத்த 7,000 ரூபாய் கடன் ஒரு பிள்ளைக்கு 35 வருஷம் பிரஷ்ஷும் பேஸ்ட்டும் வாங்குகிற காசு.

பிரஷ் மெத்தென்று இருக்கணும், தலை சின்னதாக இருக்கணும். பேஸ்ட்டில் ஃபுளூரைடு இருக்கா என்று அட்டையைப் பாருங்க. ஃபுளூரைடு எத்தனை பிபிஎம் என்று அதில் போட்டிருக்கும். அதுதான் புளிப்பால் கரைகிற பல்லைத் திரும்பக் கெட்டியாக்க உதவுகிறது. ஆனால் விழுங்கக் கூடாது, துப்பணும். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிலத்தடி நீரிலேயே ஃபுளூரைடு அதிகம். பல்லில் கறை விழுகிறது என்பதால்தான் அங்கே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. அந்த மாதிரி ஊரில் சொந்தக்காரர் இருந்தால், பிள்ளைக்கு எந்தப் பேஸ்ட் என்று பல் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்க.

பல்பொடி, வேப்பங்குச்சி பற்றிக் கேட்பீர்கள். ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்று பெரியவங்க சொன்னதை நான் குறை சொல்ல வரவில்லை. காலையில் அப்பத்தாவோடு உட்கார்ந்து பிள்ளை குச்சி மெல்லணும் என்றால் மெல்லட்டும். ஆனால் அந்த ஆறாவது பல்லின் பள்ளத்துக்குள் குச்சியும் போகாது, விரலும் போகாது. அதனால் ராத்திரிக்குப் பிரஷ்ஷும் பேஸ்ட்டும்தான். செங்கல்தூள், அடுப்புக்கரி, சாம்பல், உப்பு வைத்துப் பரபரவென்று தேய்ப்பது வேண்டவே வேண்டாம். மேல்பூச்சு தேய்ந்து கூச்சம் எடுக்கும். புகையிலை கலந்த பல்பொடி எந்த வயசுக்கும் ஆகாது. பல்பொடியிலும் பேஸ்ட்டிலும் புகையிலை சேர்க்கக் கூடாது என்று மத்திய அரசு 1992-லேயே தடை போட்டுவிட்டது.

நான்கு, கூட ஆள். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். ஏழெட்டு வயசு வரைக்கும் பிள்ளைக்குத் தானாக நன்றாகப் பல் தேய்க்கக் கை வராது. தானாகச் சட்டைப் பொத்தான் போடுது, அதனால் பல்லும் தேய்க்கும் என்று நினைக்கிறோம். பல்லின் மூலை முடுக்குக்குள் பிரஷ்ஷைத் திருப்புவது அதை விடக் கஷ்டமான வேலை. அதனால் முதலில் பிள்ளை தேய்க்கட்டும், பிறகு நீங்கள் ஒரு தடவை தேய்த்துவிடுங்க. முன்னால் நின்று தேய்த்தால் ஒன்றும் தெரியாது. சடை பின்னும்போது பின்னால் நிற்கிறோம் இல்லையா, அதே மாதிரி நின்று, பிள்ளையின் தலையை உங்கள் வயிற்றில் சாய்த்துக்கொண்டு, இடது கையால் கன்னத்தை ஒதுக்கிப் பாருங்க. எல்லாப் பல்லும் தெரியும். ஈறும் பல்லும் சேருகிற இடத்தில் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்கணும். வெளிப்பக்கம், உள்பக்கம், மெல்லுகிற பக்கம். கடைசியில் ஆறாவது பல்லுக்குப் பிரஷ்ஷைக் குறுக்கே திருப்பி, பத்து தடவை. மொத்தம் இரண்டு நிமிஷம். பேஸ்ட்டைத் துப்பிவிட்டு, உடனே தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கொப்பளிக்க வேண்டாம். கொஞ்சம் மருந்து பல்லிலேயே தங்கட்டும்.

முதலில் சில நாள் ஈறில் ரத்தம் வரலாம். "ரத்தம் வருது, விட்டுடும்மா" என்று பிள்ளை சொல்லும். அழுக்குச் சேர்ந்து ஈறு வீங்கியிருப்பதால்தான் ரத்தம் வருது. மெதுவாகத் தொடர்ந்து தேய்த்தால் நின்றுவிடும். இரண்டு வாரத்துக்கு மேலும் வந்தால் டாக்டரிடம் காட்டுங்க.

எட்டு வயசுக்கு மேலே பிள்ளை தானே தேய்க்கும். அப்போதும் பக்கத்தில் நின்று நீங்களும் தேய்க்கணும். பிரஷ்ஷை நனைத்து வைத்துவிட்டு "தேய்ச்சிட்டேம்மா" என்று சொல்லாத பிள்ளை எந்த ஊரில் இருக்கு? அதைப் போலீஸ் மாதிரி விசாரிக்க வேண்டாம். கூட நின்று தேய்த்தால் அந்தக் கேள்விக்கே வேலை இல்லை. வீட்டுக்காரரையும் இழுத்து விடுங்க. அப்பா ராத்திரி பல் தேய்ப்பதைப் பார்க்கிற பையனுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அப்பா திருப்பூரிலோ வெளிநாட்டிலோ இருந்தால், போன் பேசும்போது "என்ன சாப்பிட்டே?" என்று கேட்பதோடு "பல் தேய்ச்சியா?" என்றும் கேட்கச் சொல்லுங்க. பிள்ளை அப்பத்தா வீட்டிலோ அம்மாச்சி வீட்டிலோ படுக்கிறது என்றால் அங்கேயும் ஒரு பிரஷ் இருக்கட்டும்.

ஐந்து, கணக்குப் புத்தகம். நம் எல்லார் வீட்டிலும் மாதக் காலண்டர் தொங்குது. ராத்திரி தேய்த்து முடித்ததும் பிள்ளையே அன்றைய தேதியில் ஒரு பொட்டு வைக்கட்டும். ஸ்கெட்ச் பேனாவோ, குங்குமமோ எதுவானாலும் சரி. மாதக் கடைசியில் பிள்ளையையே எண்ணச் சொல்லுங்க. 20 பொட்டுக்கு மேலே இருந்தால் ஏதாவது ஒரு சந்தோஷம் கொடுங்க. அது சாக்லேட்டாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். பிள்ளைக்குப் பிடித்த நிறத்தில் அடுத்த பிரஷ், ஒரு பந்து, சந்தைக்குக் கூட்டிப் போவது, எதுவும் சரி.

எத்தனை நாளில் பழக்கம் படியும்? 21 நாள் என்று எல்லாரும் சொல்வார்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பெரியவர்களை வைத்து ஒரு ஆய்வு செய்து 2009-இல் வெளியிட்டார்கள். ஒரு புதுப் பழக்கம் தானாக வருகிற அளவுக்குப் படிய நடுவாக 66 நாள் ஆச்சு. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள். பெரியவங்களுக்கே இப்படி என்றால் ஒரு மாதத்தில் பிள்ளை திருந்தவில்லை என்று கையை விடக் கூடாது. அந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. நடுவில் ஒருநாள் விட்டுப் போனதால் பழக்கம் கெட்டுவிடவில்லை.

இது நமக்குத் தெரிந்ததுதான். ஒரு வாரம் சந்தா கட்ட முடியாவிட்டால் குழுவை விட்டுப் போய்விடுகிறோமா? அடுத்த வாரம் கொண்டு வந்து கட்டுகிறோம். திருவிழாவுக்குப் போய் ராத்திரி ஒரு மணிக்கு வந்து படுத்தால் அன்றைக்குப் பொட்டு இருக்காது. போகட்டும். மறுநாள் ராத்திரி தட்டு, பல், பாய். திட்ட வேண்டாம், அடிக்க வேண்டாம்.

செய்யக் கூடாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். "பல் தேய்க்கலைன்னா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் ஊசி போடச் சொல்வேன்" என்று மிரட்டாதீங்க. அப்படி மிரட்டி வளர்த்த பிள்ளை, பல் வலித்தாலும் வெளியே சொல்லாது. கன்னம் வீங்கின பிறகுதான் நமக்கே தெரியும். சின்னப் புள்ளியாக இருக்கும்போது காட்டினால் அடைத்துவிடலாம். வேர் வரைக்கும் போனால்தான் அந்த 7,000 ரூபாய் கணக்கு வருகிறது.

காட்டுவதற்கு இடமும் இருக்கு. 2013-இல் வந்த ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்திய காரியக்ரம் என்ற திட்டத்தில் மருத்துவக் குழு பள்ளிக்கூடத்துக்கே வந்து பிள்ளைகளைப் பார்க்கிறார்கள். பல்லும் அதில் சேர்த்திதான். குழு வருகிற தேதியை டீச்சரிடம் கேட்டு வைத்துக்கொண்டு, முடிந்தால் அன்றைக்கு ஒரு எட்டு போய், நம் பிள்ளைக்கு என்ன எழுதினார்கள் என்று கேளுங்க. சீட்டைப் பைக்குள் மடித்து வைத்துவிட்டு மறந்துபோவதால்தான் பாதி வைத்தியம் நடக்காமல் போகிறது. நம் புதுக்கோட்டையில் 2023-இல் அரசு பல் மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. அங்கே போகும்போது "ஆறாவது பல்லின் பள்ளத்துக்குப் பூச்சு போடலாமா?" என்று கேளுங்க. பல் முளைத்த புதிதில், சொத்தை விழுமுன்னே பள்ளத்தை அடைத்துவிடுகிற பூச்சு அது. ஊசியும் இல்லை, வலியும் இல்லை.

தின்பண்டத்தைப் பற்றி ஒரே வார்த்தை. நிறுத்தச் சொன்னால் நடக்காது. எத்தனை தடவை என்பதைக் குறைக்கலாம். அஞ்சு ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டைச் சாயங்காலம் முழுக்கக் கையில் வைத்துக் கொறிப்பதை விட, ஒரே தடவையில் தின்று முடித்து வாயைக் கொப்பளிப்பது மேல். பள்ளியில் சாப்பாடு முடிந்து தட்டு கழுவும்போதே வாயையும் கொப்பளிக்க வைப்பதை, சமைக்கிற நாமே செய்யலாம்.

கடைசியாக, கூட்டமைப்புக்கு என் கோரிக்கை. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது நம் மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். இங்கே உட்கார்ந்திருக்கிற பெரியம்மாக்களில் சிலரும் அப்போது கற்றவங்கதான். தனித்தனியாக முயன்றிருந்தால் வெட்கப்பட்டே விட்டிருப்பார்கள். கூட்டமாகக் கற்றதால் வந்தது. பிள்ளைகளின் பல்லையும் கூட்டமாகவே எடுத்துக்கொள்வோம் என்று கேட்கிறேன்.

மூன்றே மூன்று தீர்மானம் போதும். முதலாவது, ஒவ்வொரு குழுக் கூட்டத்திலும் சந்தா வசூல் முடிந்ததும், பள்ளி வயசுப் பிள்ளை இருக்கிற உறுப்பினரிடம் ஊக்குநர் ஒரு கேள்வி கேட்கணும்: "இந்த வாரம் எத்தனை பொட்டு?" எண்ணிக்கையைச் சொன்னால் போதும். குறைவாக இருந்தால் யாரும் யாரையும் ஏளனம் செய்யக் கூடாது. இரண்டாவது, ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் கூட்டமைப்பு மொத்த விலைக்குப் பெட்டியாகப் பிரஷ் வாங்கி, லாபம் வைக்காமல் குழுக்களுக்குக் கொடுக்கணும். பிரஷ் மாற்ற வேண்டிய நாள் தானாகவே ஞாபகம் வரும். மூன்றாவது, மருத்துவக் குழு எழுதிக்கொடுத்த பிள்ளைகளை நாலைந்து தாய்மார் சேர்ந்து ஒரே நாளில் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகணும். தனியாகப் போனால் ஒருநாள் கூலி போகும், பயமாகவும் இருக்கும். சேர்ந்து போனால் ஒருவர் வரிசையில் நிற்க, ஒருவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம்.

தலைவர் அவர்கள் இந்த மூன்றையும் இன்றைய கூட்டத்திலேயே தீர்மானப் புத்தகத்தில் எழுத அனுமதிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தீர்மானம் நிறைவேறுகிற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. இன்றைக்கு ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் ஆறாவது பல்லை எண்ணிப் பாருங்க.